பிப் அப்பீல்: விசாரணைக்கு முன்னால் நடப்பவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிப் (பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட், நெடுநாள் நோயோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கானது) உதவித்தொகை மறுக்கப்பட்டோ குறைக்கப்பட்டோ அப்பீல் போட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். எல்லாரும் விசாரணை அன்று என்ன பேசுவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அப்பீல் போட்ட நாளுக்கும் விசாரணை நாளுக்கும் இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் என்ன செய்வது என்பதே இந்தப் பக்கம்.

இதில் உள்ளவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் வந்துவிட்டது; அதற்கு வேறு நடைமுறை. தொகைகள் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை இருந்தவை. டி.டபிள்யூ.பி. என்பது பிப் கொடுக்கும் அரசுத் துறை. எம்.ஆர். என்பது அப்பீலுக்கு முன் அந்தத் துறையிடமே கட்டாயமாகக் கேட்க வேண்டிய மறுபரிசீலனை.

அப்பீல் போட்டாச்சு. இனி நேரா விசாரணைதானா, நடுவில ஏதாவது நடக்குமா?

நடக்கும். உங்கள் படிவம் (எஸ்.எஸ்.சி.எஸ்.1 அல்லது அதன் இணையவழி வடிவம்) அப்பீலை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. தீர்ப்பாயம் அதை டி.டபிள்யூ.பி.க்கு அனுப்பும். டி.டபிள்யூ.பி. 28 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எழுத உட்காரும் அதிகாரி முதலில் பழைய முடிவு சரியா என்று பார்ப்பார். சரியில்லை என்று பட்டால் விசாரணை இல்லாமலே மாற்றிவிடலாம். மாற்றவில்லை என்றால் பதிலுரையும் எல்லாத் தாள்களும் சேர்ந்த பண்டில் உங்களுக்கும் தீர்ப்பாயத்துக்கும் வரும்.

பண்டில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் எழுத்தில் பதில் சொல்லலாம். அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். தேதி குறித்தால் குறைந்தது 14 நாள் முன்னதாகச் சொல்வார்கள். தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லும் வரை முடிவை மாற்றும் அதிகாரம் டி.டபிள்யூ.பி.யிடம் இருக்கிறது. ஆகவே 28 நாள் போய்விட்டது, இனி அவர்கள் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

எம்.ஆரில் 'மாட்டோம்' எண்டவைதானே திரும்பவும் பாக்கினம்? பிறகு எப்படி மாத்துவினம்?

துறை ஒன்றுதான், பார்க்கும் ஆள் வேறு. எம்.ஆரில் பெரும்பாலும் 'எனக்கு ரொம்ப முடியாது, தயவுசெய்து பாருங்கள்' என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். பார்ப்பவருக்கு, விண்ணப்பித்தபோது உங்களைக் கேள்வி கேட்டவர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையைத் தவிர வேறு பிடிமானம் இருக்காது. அதையே திருப்பி எழுதிவிடுவார்.

அப்பீல் கட்டத்தில் பார்ப்பவருடைய கணக்கு வேறு. இந்த முடிவு நீதிபதி, மருத்துவர், மாற்றுத்திறன் பற்றி அனுபவமுள்ள உறுப்பினர் என மூன்று பேர் முன்னால் நிற்குமா என்று அவர் பார்க்க வேண்டும். விசாரணைக்குப் போகும் பிப் அப்பீல்களில் பாதிக்கும் மேல் மனுதாரர் பக்கம் முடிவது அவருக்கும் தெரியும். எம்.ஆரில் இல்லாத ஒரு மருத்துவத் தாள், அல்லது புள்ளிக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் ஒரு தவறு கைக்கு வந்தால் மாற்றுவது அவருக்குச் சுலபம். அந்தத் தாளையும் அந்தத் தவறையும் எடுத்துக் கொடுக்க வேண்டியது நீங்கள்.

படிவத்தில் அப்பீலுக்குக் காரணம் கேக்குறாங்க. என்ன எழுதணும்?

நோயின் பெயரை அல்ல, புள்ளியை எழுத வேண்டும். பிப்பில் 12 செயல்கள்; ஒவ்வொன்றையும் எவ்வளவு செய்ய முடியாதோ அதற்கேற்பப் புள்ளி. அன்றாட வாழ்வுக்கு 10, நடமாட்டத்துக்கு 2. இரு பகுதிக்கும் தனித்தனியாக 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம். 'எனக்கு முடக்குவாதம், சர்க்கரை, மன அழுத்தம்' என்று எழுதினால் அதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. 'குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்க மகளுடைய கை வேண்டும். 2 புள்ளி தந்திருக்கிறீர்கள், 3 வர வேண்டும்' என்று எழுதினால் அதிகாரி அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். முடக்குவாதம் உள்ள ஒருவருக்குச் சமையல், குளியல், உடை மூன்றுக்கும் 'உபகரணம் இருந்தால் போதும்' என்று தலா 2, மொத்தம் 6 தந்து மறுத்துவிட்டார்கள். உண்மையில் அவருக்குக் காய் நறுக்கவும் பாத்திரம் தூக்கவும் ஆள் வேண்டும் (4). தொட்டிக்குள் ஏற ஆள் வேண்டும் (3). இடுப்புக்குக் கீழே உடுத்த ஆள் வேண்டும் (2). கழிவறையில் கைப்பிடி இல்லாமல் எழ முடியாது (2). மருந்தை உறையிலிருந்து பிரிக்க முடியாததால் நாள்வாரி மருந்துப் பெட்டி வேண்டும் (1). மொத்தம் 12. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு நோயும் வரவில்லை.

மதிப்பீட்டாளரைத் திட்டி எழுதுவதில் ஒரு பக்கத்தைச் செலவழிக்காதீர்கள். அவர் மரியாதையாக நடந்தாரா என்பதைத் தீர்ப்பாயம் தீர்மானிக்கப் போவதில்லை.

பண்டில் எண்டு நூத்தைம்பது பக்கம் வந்திருக்கு. எங்க இருந்து தொடங்கிறது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் முடிவுக் கடிதத்தில் இருக்கும் புள்ளிகளைத் தேடி, 12 செயலையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்கள் தந்த புள்ளி, நீங்கள் கேட்கும் புள்ளி, ஆதாரம் இருக்கும் பக்க எண். இந்த ஒரு தாள்தான் கடைசி வரைக்கும் உங்களுக்கு வரைபடம். அடுத்து பி.ஏ.4 என்ற மதிப்பீட்டு அறிக்கை. அதன் பிறகு நீங்கள் நிரப்பிய பிப்2 படிவம். டி.டபிள்யூ.பி.யின் பதிலுரையைக் கடைசியாகப் படித்தால் போதும். பாதிக்கு மேல் சட்டப் பிரிவுகளாகவே இருக்கும்.

பி.ஏ.4-இல் மூன்றை வேட்டையாட வேண்டும். முதலாவது, நீங்கள் சொன்னதாக எழுதியிருப்பதும் நீங்கள் சொன்னதும் வேறாக இருப்பது. இரண்டாவது, அறிக்கை தனக்குத் தானே முரண்படுவது: ஒரு பக்கத்தில் 'தோளை உயர்த்த முடியவில்லை' என்றும் இன்னொரு பக்கத்தில் 'தலை சீவிக்கொள்வார்' என்றும் இருக்கும். மூன்றாவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முடிவுகள். 'கார் ஓட்டுகிறார், ஆகவே பிடிமானம் சரி.' 'நிபுணர் சிகிச்சையில் இல்லை, ஆகவே கடுமையில்லை.' 'காத்திருப்பு அறையிலிருந்து நடந்து வந்தார், ஆகவே 200 மீட்டருக்கு மேல் நடப்பார்.' 'தொலைபேசியில் தெளிவாகப் பேசினார், ஆகவே மனநிலை நன்று.' ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விளக்கம் எழுதுங்கள். கார் ஓட்டோமேட்டிக், வாரத்தில் ஒருநாள், 10 நிமிடத் தூரம். நிபுணரிடம் இல்லாதது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அவர் ஜீ.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) திருப்பி அனுப்பியதால்.

என்ன இல்லை என்பதையும் பாருங்கள். முன்பு பிப் கிடைத்து இப்போது நிறுத்தியிருந்தால் பழைய மதிப்பீட்டு அறிக்கை பண்டிலில் இருக்கிறதா? அன்று 12 புள்ளி தந்தவர்கள் இன்று 2 தருகிறார்கள் என்றால் இடையில் என்ன குணமானது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை இல்லையென்றால், அதைச் சேர்க்கும்படி டி.டபிள்யூ.பி.க்கு உத்தரவிடக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்கு எழுதலாம். எம்.ஆருக்கு நீங்கள் அனுப்பிய கடிதமே பண்டிலில் இல்லாமல் போவதும் உண்டு. திரும்ப அனுப்புங்கள், எப்போது முதலில் அனுப்பினீர்கள் என்ற தேதியோடு.

'செய்வேன், ஆனா கஷ்டப்பட்டு' எண்டு சொன்னா முடியும் எண்டுதானே எழுதிறாங்கள்?

சட்டப்படி அப்படி எழுதக் கூடாது. பிப் விதிமுறைகளின் 4-ஆவது விதி நான்கு சோதனை வைக்கிறது. ஒரு செயலைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான தடவை திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் 'முடியாது' என்றுதான் அர்த்தம். நியாயமான நேரம் என்பதற்கு அளவும் உண்டு: நோய் இல்லாத ஒருவர் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப்போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒருதடவை 60 மீட்டர் நடந்து, பிறகு ஒரு மணி நேரம் எழ முடியாமல் கிடந்தால் அது 'திரும்பத் திரும்ப' என்ற சோதனையில் விழுந்துவிடும்.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருபவர்களுக்கு 7-ஆவது விதி. பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் எந்த நிலை பொருந்துகிறதோ அதற்குப் புள்ளி. 'சில நாட்களில் முடியாது' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. 'வாரத்தில் 5 நாள்' என்பதற்கு உண்டு. பார்க்க வேண்டிய காலம் மொத்தம் 12 மாதம்: 3 மாதம் பின்னோக்கி, 9 மாதம் முன்னோக்கி. வலிப்பு போன்றவற்றில் வேறு கணக்கு. வலிப்பு வரும் நாட்களை மட்டும் எண்ணக் கூடாது. எப்போது வரும் என்று தெரியாததால் ஒவ்வொரு நாளும் அடுப்பருகே ஆள் தேவையா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு அடிக்கடி என்பதோடு, வந்தால் எவ்வளவு ஆபத்து என்பதும் சேரும்.

அம்மா சமைச்சு எத்தனையோ வருசமாச்சு, மருமகள்தான் சமைக்கிறா. இதுக்குப் புள்ளி இருக்கா?

அதனால் மட்டும் இல்லை. சமைக்கிறாரா என்பது கேள்வியல்ல, சமைக்க முடியுமா என்பதுதான். நம் வீடுகளில் இந்த இடத்தில் நிறையப் புள்ளி வீணாகிறது. 'நான் சமைக்கிறதில்லை, பிள்ளைகள் விடமாட்டார்கள்' என்று அம்மா பெருமையாகச் சொல்வார். மதிப்பீட்டாளர் 'குடும்ப விருப்பத்தால் சமைப்பதில்லை' என்று எழுதி மூடிவிடுவார். வீட்டில் யாருமில்லை, தானே சமைத்தால்தான் சாப்பாடு என்றால் எந்த இடத்தில் நிற்கும்? கத்தி பிடிப்பதிலா, சட்டியைத் தூக்குவதிலா, அடுப்பை அணைக்க மறப்பதிலா? அதை எழுதுங்கள்.

அளவுகோலும் நம் சமையல் அல்ல. ஒருவருக்கு மட்டும், புதிய காய்கறிகளைக் கொண்டு, ஒரே வகை உணவு. சோறு, மூன்று கறி, சொதி என்று செய்ய முடியாது என்பது இங்கே எடுபடாது. அடுப்புக் கணக்கும் இடுப்பு உயரத்தில்தான்; குனிந்து ஓவனிலிருந்து எடுக்க முடியாது என்பதற்குப் புள்ளி இல்லை.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வாசிப்புக்கும் பேச்சுக்கும் புள்ளி கேட்கலாமா?

ஆங்கிலம் தெரியாததற்காகக் கேட்க முடியாது. விதிமுறையே 'தாய்மொழியில்' என்றுதான் சொல்கிறது. அப்பாவுக்குத் தமிழில் எளிய வாக்கியத்தைக் கேட்டு விளங்க முடிகிறதா, தமிழில் எழுதிய தேதியையும் சிறு குறிப்பையும் வாசிக்க முடிகிறதா என்பதே சோதனை. பக்கவாதத்துக்குப் பிறகு தமிழே குழறுகிறது, தமிழ்ச் செய்தித்தாளின் எழுத்து விளங்கவில்லை என்றால் அதற்குப் புள்ளி உண்டு. பிள்ளைகள் 'அவருக்கு இங்கிலீஷ் வராது' என்று மட்டும் எழுதினால், மொழிப் பிரச்சினை என்று முடித்து மெய்யான குறைபாட்டையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள்.

மதிப்பீட்டை யார் மொழிபெயர்த்தார் என்றும் பி.ஏ.4-இல் பாருங்கள். மகனோ மகளோ பேசியிருந்தால், கழிவறை, குளியல் பற்றிய கேள்விகளுக்கு வெட்கத்தில் 'அதெல்லாம் பிரச்சினையில்லை' என்று பதில் போயிருக்கும். அந்தப் பதில் எப்படி வந்தது என்பதை அப்பீலில் வெளிப்படையாக எழுதலாம்.

டி.டபிள்யூ.பி.யில இருந்து போன் வந்தது. 'சாதாரண விகிதம் தாறம், சம்மதமா?' எண்டு கேக்கினம். ஓம் சொல்லட்டா?

அந்த அழைப்பிலேயே சொல்லாதீர்கள். 'எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, எந்த விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எதுவரைக்கும்? யோசித்துச் சொல்கிறேன்' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேசியவர் பெயர், நாள், நேரம், திரும்ப அழைக்க எண். உங்களுக்குப் பிரதிநிதி இருந்தால் அவரிடம் பேசச் சொல்லுங்கள். இந்த அழைப்புகள் மேல் ஒரு வழக்கு வந்து, 2021-இல் டி.டபிள்யூ.பி. தன் வழிகாட்டியை மாற்றியது. அப்பீலைத் தொடரும் உரிமை இருக்கிறது என்பதை மறைத்து அவசரப்படுத்தும் வழக்கம் அதற்கு முன் இருந்தது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? டி.டபிள்யூ.பி. முடிவை உங்களுக்குச் சாதகமாக மாற்றினால், எவ்வளவு சிறிய சாதகமாக இருந்தாலும், உங்கள் அப்பீல் அத்தோடு முடிந்துபோகும். 1998-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் கேட்டது இரண்டு பகுதியிலும் உயர் விகிதம், அவர்கள் தருவது அன்றாட வாழ்வுக்குச் சாதாரண விகிதம் மட்டும் என்றாலும் அப்பீல் போய்விடும். மீதியை விசாரணையில் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டு இப்போது கொஞ்சத்தை வாங்க முடியாது.

அழைப்பை வைத்ததும் முன்னே சொன்ன ஒற்றைத் தாளை எடுங்கள். அவர்கள் தரும் புள்ளிக்கும் நீங்கள் கேட்கும் புள்ளிக்கும் நடுவில் எவை விடுபட்டன, அவற்றுக்கு ஆதாரம் எவ்வளவு பலம்? அன்றாட வாழ்வுக்குச் சாதாரண விகிதம் வாரத்துக்கு 73.90 பவுண்டு, உயர் விகிதம் 110.40. வித்தியாசம் 36.50, வருடத்துக்கு 1,898 பவுண்டு. நடமாட்டத்தில் 29.20-உம் 77.05-உம். மோட்டபிலிட்டி கார் (உதவித்தொகையைக் கொடுத்து வாடகைக்கு எடுக்கும் கார்) வேண்டுமென்றால் நடமாட்டத்தில் உயர் விகிதம் இருந்தே ஆக வேண்டும். விடுபட்ட புள்ளிக்கு உங்கள் வாய்வார்த்தை மட்டும்தான் ஆதாரம் என்றால் தருவதை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவத் தாள் கையில் இருக்கிறது என்றால் விட்டுக்கொடுக்கக் காரணமில்லை. அவர்கள் தருவது நீங்கள் கேட்டதெல்லாம் என்றால் மட்டும் உடனே 'ஓம்' சொல்லலாம். அப்போதும் எதுவரைக்கும் என்று கேட்டுவிட்டு.

வேண்டாம்னு சொன்னா கோவத்துல இருக்கிறதையும் வெட்டிடுவாங்களா?

கோபத்துக்கு இங்கே வேலையில்லை. நீங்கள் மறுத்தால் டி.டபிள்யூ.பி. பதிலுரை எழுதி அனுப்பும், அப்பீல் நடக்கும். தொலைபேசியில் தருவதாகச் சொன்ன புள்ளிகளை அவர்கள் பதிலுரையில் ஒப்புக்கொண்டு எழுதவும் வாய்ப்புண்டு. பண்டில் வந்ததும் அதைத் தேடிப் பாருங்கள். மறுப்பதை எழுத்திலும் அனுப்புவது நல்லது: 'இன்ன தேதியில் இன்னது தருவதாகச் சொன்னீர்கள். நான் கேட்பது இன்னது. அப்பீலைத் தொடர விரும்புகிறேன்.' மூன்று வரி போதும். தீர்ப்பாயம் குறைக்குமா என்பது வேறு கேள்வி, கீழே இருக்கிறது.

அவசரத்தில ஓம் எண்டிட்டன். இப்ப எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. மாற்றிய முடிவு புதுக் கடிதமாக வரும். அதன்மேல் மறுபடி அப்பீல் போடும் உரிமை உண்டு. எப்படி, எங்கே என்று கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். கெடு கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதம். தொலைபேசி உரையாடல் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டாம். பழைய அப்பீலுக்கு அனுப்பிய ஆதாரங்கள் தானாகவே புதியதற்கு வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், எல்லாவற்றையும் திரும்ப இணையுங்கள். வரிசையில் மறுபடி கடைசியிலிருந்து நிற்க வேண்டிவரும் என்பதுதான் இழப்பு. இடைக்காலத்தில் புதிய விகிதத்தில் பணம் வந்துகொண்டிருக்கும்.

போன் ஒண்ணும் வரல. நாமளே 'திரும்பப் பாருங்க'ன்னு கேக்கலாமா?

தாராளமாக. வெறும் கையோடு கேட்காதீர்கள். புதிதாக ஒரு தாள் கிடைத்த அன்று கேளுங்கள். தீர்ப்பாயத்துக்கு அனுப்பினால் அவர்கள் டி.டபிள்யூ.பி.க்கும் நகல் அனுப்புவார்கள். மேலே ஒரு பக்கக் கடிதம்: அப்பீல் எண், இணைத்த தாள் என்ன, அது எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளியைக் காட்டுகிறது, இதைப் பார்த்து முடிவை மாற்ற வேண்டுகிறேன். அதற்கு மேல் வேண்டாம். 40 பக்க மருத்துவப் பதிவை விளக்கமில்லாமல் அனுப்பினால் யாரும் புரட்டமாட்டார்கள்; தேவையான 3 பக்கத்தை எடுத்து, வரிக்கு அடியில் கோடு போடுங்கள்.

ஜீ.பி. லெட்டர் தர மாட்டன் எண்டிட்டார். தந்தாலும் காசு கேக்கிறார்.

கடிதம் எழுதுவது ஜீ.பி.யின் கட்டாயக் கடமை அல்ல, கட்டணமும் கேட்கலாம். ஆனால் உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டால் இலவசமாக, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அது தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. பல நேரம் அந்தப் பதிவே கடிதத்தைவிடப் பலமானது, ஏனென்றால் அப்பீலுக்காக எழுதப்பட்டதல்ல. பிசியோதெரபிஸ்ட், ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழி சொல்பவர்), மனநல செவிலியர் குறிப்புகளை முதலில் தேடுங்கள். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பார்த்து, கைப்பிடி போடச் சொல்லி கவுன்சில் (உள்ளூராட்சி) எழுதிய அறிக்கை ஒன்று இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

கடிதம் தரச் சம்மதித்தால், 'இவர் என் நோயாளி, பிப் பெறத் தகுதியானவர்' என்று எழுதச் சொல்லாதீர்கள். அதனால் பயனில்லை. 'படியில் ஏறவும் உடுத்தவும் ஆள் வேண்டும் என்று இன்ன காரணத்தால் கருதுகிறேன்' என்று வர வேண்டும். கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். கூடவே, பராமரிப்பவர் எழுதும் ஒரு பக்கமும் இரண்டு வார நாட்குறிப்பும். நாட்குறிப்பில் நல்ல நாளையும் எழுதுங்கள். பதினான்கு நாளும் ஒரே மாதிரி இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்பீல் போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமாகிட்டுது. அதையும் சேர்த்துச் சொல்லலாமா?

இந்த அப்பீலில் சேராது. டி.டபிள்யூ.பி. முதலில் முடிவெடுத்த நாளில் நிலைமை எப்படி இருந்தது என்பதை மட்டுமே தீர்ப்பாயம் பார்க்க முடியும். 1998-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அது. பிறகு எழுதிய மருத்துவக் கடிதம் செல்லும். ஆனால் அது அந்த நாளின் நிலையைப் பேச வேண்டும். 'சென்ற மார்ச்சிலேயே இப்படித்தான் இருந்தார்' என்ற ஒரு வரி இல்லாததால் நல்ல கடிதங்கள் வீணாகின்றன.

பிப் ஒன்றுமே கிடைக்காதவர் அப்பீல் நடக்கும்போதே புதிதாக விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் கிடைப்பவர் நிலைமை மாறியதாக அறிவிக்கலாம், ஆனால் அப்படி அறிவித்தால் ஏற்கெனவே தந்த புள்ளிகளையும் சேர்த்து முழுவதும் மறுபடி பார்ப்பார்கள். அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவருக்கு இரண்டுமே சிக்கல்: புதிய பிப் விண்ணப்பம் பொதுவாக முடியாது, அந்த வயதுக்காரர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உதவித்தொகையில் நடமாட்டப் பகுதியே கிடையாது. இந்த வயதில் இருப்பவர்கள் அப்பீலைக் கைவிடும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பிலோ கவுன்சிலின் உதவித்தொகை ஆலோசகரிடமோ கட்டாயம் பேச வேண்டும்.

தீர்ப்பாயம் கூட்டித்தான் தரும், குறைக்காது எண்டு சொல்லினம். உண்மையா?

பொய். தீர்ப்பாயம் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கிறது; இருப்பதைக் குறைக்கவும் எடுக்கவும் முடியும். அன்றாட வாழ்வில் 8 புள்ளி பெற்று நடமாட்டத்துக்காக மட்டும் அப்பீல் போட்டாலும், அந்த 8-ஐயும் அவர்கள் தொடலாம். குறைக்க நினைத்தால் பொதுவாக முன்கூட்டியே எச்சரித்து, யோசிக்க நேரம் தருவார்கள். விசாரணைக்கு முன் கடிதம் எழுதி அப்பீலைத் திரும்பப் பெறலாம். விசாரணை தொடங்கிய பிறகு அவர்களுடைய சம்மதம் வேண்டும்.

ஆகவே பண்டில் படிக்கும்போது உங்களுக்குத் தந்த புள்ளிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறதா, அல்லது மதிப்பீட்டாளர் தாராளமாகக் கொடுத்ததா? ஒன்றுமே கிடைக்காமல் அப்பீல் போட்டவருக்கு இந்தக் கவலை இல்லை.

நேரா போகப் பயமா இருக்கு. தாள்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லலாமா?

சொல்லலாம், பரிந்துரைக்கமாட்டோம். தாளில் இல்லாததை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வாய்ப்பில்லாமல் போகிறது. நேரில் முடியாவிட்டால் தொலைபேசி, வீடியோ இரண்டும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் தருவாங்களா? பொண்ணு கூட வந்து சொன்னா போதாதா?

இலவசமாகத் தருவார்கள். படிவத்திலேயே கேளுங்கள், பேச்சுவழக்கையும் குறிப்பிட இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர் அதைச் சொல்ல வேண்டும். 'கால் கொதிக்குது', 'தலை அம்மலா இருக்கு' போன்றவை மாறிப்போனால் புள்ளியும் மாறும். மகள் கூட வரலாம், சாட்சியாகவும் பேசலாம். மொழிபெயர்ப்பதை மட்டும் அவரிடம் விடக் கூடாது.

நாளைக்கு மறுநாள் விசாரணை. இன்றைக்குத்தான் ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் வந்தது. என்ன செய்ய?

இன்றே அனுப்புங்கள், அப்பீல் எண்ணைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதி. அன்று காலையில் 4 நகலும் கையில் கொண்டுபோங்கள். சேர்த்துக்கொள்வதா என்று குழு முடிவு செய்யும். தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒற்றைக் கடிதம் என்றால் பெரும்பாலும் வாசிப்பார்கள், 30 பக்கம் என்றால் ஒத்திவைக்கத் தோன்றும். கடிதம் இன்னும் வரவேயில்லை, ஆனால் அது வழக்கையே தீர்மானிக்கும் என்றால் விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதுங்கள்: யாருடைய கடிதம், என்றைக்கு வரும், எந்தச் செயலுக்கு அது தேவை. பதில் வரும் வரை விசாரணை நடக்கிறது என்றே எண்ணிக்கொண்டு தயாராக இருங்கள்.

முடிவு மாறினால் பணம் எப்ப இருந்து கணக்கு? பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் ஏதும் கிடைக்குமா?

டி.டபிள்யூ.பி. மாற்றினாலும் தீர்ப்பாயம் மாற்றினாலும் தவறான முதல் முடிவு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பாக்கி வரும். தொலைபேசியில் தேதியைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

வாரத்துக்கு 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவர் கேரர்ஸ் அலவன்ஸ் (வாரத்துக்கு 83.30 பவுண்டு) கேட்கலாம், அன்றாட வாழ்வுப் பகுதியில் எந்த விகிதம் இருந்தாலும் போதும். வருமான வரம்பும் வேறு நிபந்தனைகளும் உண்டு. பிப் முடிவு வந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் பிப் தொடங்கிய நாளிலிருந்தே அதையும் பின்தேதியிட்டுத் தருவார்கள். நான்காவது மாதம் கேட்டால் அந்தப் பாக்கியில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அம்மா தனியாக வசித்து, பென்ஷன் கிரெடிட்டில் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான உதவித்தொகை) கடும் மாற்றுத்திறனுக்கான கூடுதல் தொகை வாங்குகிறார் என்றால், மகள் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கத் தொடங்கியதும் அது நின்றுவிடும். படிவத்தை அனுப்பும் முன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.